ரங்கூன் பணத்துக்கு ஓதிய சர்க்கரை

வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களில் இரண்டு தினுசுதான் உண்டு. கேட்டதற்கு மேல் பேசுகிறவர்கள் ஒரு தினுசு. கேட்டாலும் வாய் திறக்காதவர்கள் இன்னொரு தினுசு. முதல் தினுசை அதட்டி உட்கார வைத்துவிடலாம். இரண்டாம் தினுசுதான் என் உயிரை வாங்கும். அஜ்மல் பீவி இரண்டாம் தினுசு.

என் பெயர் தவசி. ஊர் கீழக்குயில்குடி. மதுரையில் வக்கீல் அனந்தகிருஷ்ணய்யரிடம் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரன் முதல் உள்ளே கூப்பாடு போடுகிற டவாலிச் சேவகன் வரை சொல்லுவார்கள். சொல்லட்டும். அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டதுபோல நான் வேறு யாரிடமும் பட்டதில்லை. அவளுக்காக வருத்தப்பட்டதுபோலவும் பட்டதில்லை.

1941 தை மாதம் ஒரு காலையில் வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பேசியதெல்லாம் கூட வந்த பக்கத்து வீட்டு சாயிரா பானு. அஜ்மல் பீவிக்குப் பதினாறு வயதில் நிக்காஹ். புருஷன் சேக் இஸ்மாயில். எட்டு மாதம் குடித்தனம் நடத்திவிட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் ஆறு வருஷமாக ஒரு வரி இல்லை. இருக்கிறானா செத்தானா என்று தெரியாது. பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. மாமியாரோடுதான் இருக்கிறாள். தொப்பி தைத்துக் கடைக்குப் போடுகிறாள். தொப்பிக் கடை முகைதீன் பிச்சை சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். மரியாதையாக ஆள் விட்டுப் பெண் கேட்டிருக்கிறார்.

"கேட்டு என்ன செய்ய, ஐயா? புருசன் தலாக் சொன்னாத்தான் இவ வேற கல்யாணம் பண்ண முடியும். சொல்ற ஆளைக் காணோம். எங்க பெரியவரு ஒருத்தரு கிதாபைப் பாத்துச் சொல்றாரு, காணாமப் போனவனுக்குத் தொண்ணூறு வயசு ஆகுற வரைக்கும் பொறுக்கணுமாம்!" என்றாள் சாயிரா பானு.

"அப்ப இவளுக்கு எம்புட்டு வயசு ஆகும்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எண்பத்தஞ்சு, அண்ணே" என்றாள் அஜ்மல் பீவி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறாள்.

வக்கீல் சிரிக்கவில்லை. முஸ்லிம் பெண்களே கோர்ட்டுக்கு வந்து விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டம் வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இவளுக்கு இரண்டு வழி. புருஷன் நாலு வருஷமாக இருக்குமிடம் தெரியவில்லை என்று கேட்கலாம். இரண்டு வருஷமாகச் சோறு, துணி கொடுக்கவில்லை என்றும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்தே பிராதில் எழுதுவோம், ஒன்று விட்டாலும் ஒன்று பிடிக்கும் என்றார்.

"ரெண்டாவது வேணாம்" என்றாள் அவள்.

"ஏம்மா?"

வக்கீல் பொறுமைசாலி. காணாமல் போனதை மட்டும் சொல்லி டிக்ரி வாங்கினால் அது ஆறு மாதம் செல்லாமல் கிடக்கும், அதற்குள் அவன் வந்து நின்று, நான் பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று கோர்ட்டை நம்பவைத்தால் டிக்ரி ரத்து என்று விளக்கினார். சோறு போடவில்லை என்ற வழியில் போனால் அந்தத் தொல்லையே கிடையாது.

"எட்டு வருசமா வராத மனுசனா ஆறு மாசத்துல வந்துறப் போறாரு? ரெண்டாவது வேணாம், ஐயா. நான் அதைச் சொல்ல மாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து கொடுக்கிற வைத்தியனிடம் பத்தியம் பேசுகிற ஜாதி இது என்று மனதுக்குள் வைதேன்.

இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்துக்குள் சின்ன ஓட்டு வீடு. மாமியார் மரியம் பீவி வாசலில் நின்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒரு தட்டிலிருந்து சர்க்கரையை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலும் கொஞ்சம் வைத்தாள்.

"வாயில போடுங்க, தம்பி. எம்மவன் பணம் வந்துச்சு, பாத்திஹா ஓதுனோம்."

அந்தத் தெருவில் அது வழக்கம். ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ பணம் வந்தால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினாரைக் கூப்பிட்டு, சர்க்கரை வைத்து ஓதி, தெருவுக்குக் கொடுப்பார்கள். பணம் வந்தது ஊருக்குத் தெரிய வேறு தண்டோரா வேண்டாம். ஆனால் காணாமல் போனவன் எங்கிருந்து பணம் அனுப்புகிறான்?

கிழவியே சொன்னாள். மகன் காணாமல் போகுமுன்னே ரங்கூனில் ஒரு முதலாளியிடம் பணம் கட்டி வைத்திருந்தானாம். அது ஊருக்கு வருகிற ஆட்கள் கையில் மாதாமாதம் வருகிறதாம். "எங்க இருக்கானோ, எம்புள்ள! போற போக்குலயும் பெத்தவளை மறக்கல, பாத்தீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விவாகரத்து வழக்கில் அவளுக்கும் சம்மதம்தான். போனவன் போய்விட்டான், இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அஜ்மல் பீவி சந்து முனைவரை என் பின்னால் வந்தாள்.

"அண்ணே, அந்தச் சர்க்கரை எங்காசு. தொப்பி தச்ச காசு."

நான் நின்றுவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் முழுசாகப் பேசினாள். கடிதம் நின்ற மறு வருஷம், குழாயடியில் எவளோ ஒருத்தி, "மகன் பணம் காசு அனுப்புறானா, இல்ல மறந்துட்டானா?" என்று குத்தலாகக் கேட்டிருக்கிறாள். மரியம் பீவி வாயில் தன்னையறியாமல், "அனுப்புறானே" என்று வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் தொப்பிக் கூலி வந்ததும் அஜ்மல் பீவி சர்க்கரை வாங்கி வந்து, மோதினாரைக் கூப்பிட்டு ஓதவைத்தாள். அதிலிருந்து மாதாமாதம்.

"மாமி எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. இன்ன வரைக்கும் அதைப் பத்தி நாங்க பேசுனதே இல்ல. காணாமப் போறது அல்லா செயல்னே, அதுக்குத் தெருவே சேந்து அழுகும். பெத்தவளுக்கும் பொண்டாட்டிக்கும் சோறு போடாம விட்டது மனுசன் செயல். அதுக்குத் தெரு சிரிக்கும். சோறு போடலன்னு நான் கூண்டுல ஏறிச் சொன்னா, மாமி மறுநாள் வாசல்ல நிக்க முடியுமா?"

"அப்ப இத்தனை வருசமா அந்தம்மாவுக்குச் சோறு போட்டது?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிதானே" என்றாள்.

"ஏன் தாயி, ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. உம்பொழப்பு இல்ல கிடக்கு!" என்று அந்தச் சந்திலேயே கத்தினேன்.

வக்கீலிடம்கூட இதைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். கொடுத்தேன். அதுதான் என் வாழ்நாளில் நான் செய்த முதல்தரமான முட்டாள்தனம். சொல்லியிருந்தால் வக்கீல் எப்படியாவது அவளை உட்கார்த்தி வைத்துப் பேசி, அந்த இரண்டாவது வழியையும் எழுதியிருப்பார்.

ஐப்பசியில் டிக்ரி ஆயிற்று. ஆறு மாதம் முடிந்தால் அவள் சுதந்திரப் பறவை. இத்தா என்கிற காத்திருப்பு நாளையும் கழித்துவிட்டுக் கல்யாணம் என்று முகைதீன் பிச்சை காத்திருந்தார். நல்ல மனுஷர். பாதி கல்யாணம் முடிந்த மாதிரி எனக்கு ஒரு தொப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் தொப்பி வைத்துக்கொண்டு எங்கே போக?

மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. பேப்பரைப் படித்ததும் டிக்ரிக் கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். ஊர் முழுக்க, அங்கே இருக்கிற நம் ஜனங்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. நான் ஒருவன் மட்டும், ஒருத்தன் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பாவம்தான். வேண்டினேன்.

வந்துவிட்டான். காடும் மலையும் நடந்து, பங்குனிக் கடைசியில் மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கினான், கெடுவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது. கோர்ட்டில் அவனைப் பார்த்தேன். காலில் துணி சுற்றியிருந்தது. எலும்புக்கு மேல் தோலைத் தவிர ஒன்றுமில்லை. ரங்கூனில் ஒருத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். குண்டு விழுந்த அன்றைக்கு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்களாம். திட்ட வாயெடுத்தவன், அந்தக் காலைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஏன் இத்தனை வருஷம் கடிதம் போடவில்லை?" என்று முன்சீப் கேட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சுங்க. இனிமே இவள வச்சுக் காப்பாத்துறேன். எனக்கும் கஞ்சி ஊத்த வேற ஆளு இல்லைங்க."

முன்சீப் அஜ்மல் பீவி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவருக்கும் மனம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் அப்படி. டிக்ரி ரத்து.

வராண்டாவில் அவளிடம் பொரிந்து தள்ளினேன். அன்றைக்கே சொன்னாரா இல்லையா, கேட்டியா, உன் மாமியார் மானத்துக்கு உன் கழுத்தைக் கொடுத்தாயே என்று. அவள் அழவில்லை. அன்று சாயங்காலமே தையல் மூட்டையோடு சாயிரா பானு வீட்டில் போய் இருந்துகொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுப் போனவன் பாயில் இனி படுக்க முடியாது என்று சாயிராவிடம் சொன்னாளாம்.

ஒரு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்தாள். "ரெண்டாவதை எழுதுங்க" என்றாள். நானும் வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சத்தியமாவது, மண்ணாங்கட்டியாவது.

"ஒரே ஒரு வார்த்தை, ஐயா. எங்கிட்ட யாரும் என்ன வேணாலும் கேக்கட்டும். எங்க மாமிகிட்ட மட்டும் நீங்க ஒரு கேள்வி கேக்கப்படாது" என்றாள் அவள்.

"அந்தம்மாதான் விஷயம் தெரிஞ்ச ஒரே சாட்சி" என்றார் வக்கீல்.

"கேக்கப்படாது."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி" என்றார். இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை அடுத்த மாசியில் நடந்தது. சேக் இஸ்மாயில் தன் தாய் சொன்ன பொய்யைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஆமாம், ரங்கூன் முதலாளியிடம் பணம் கட்டிவைத்தேன், மாதாமாதம் போயிற்று, அதில்தான் இவள் சாப்பிட்டாள் என்றான். அந்த முதலாளி எங்கே என்றால், குண்டு விழுந்ததில் போய்விட்டார். அவன் பக்கத்துக்குத் தெருவே சாட்சி சொல்ல வந்தது. அதுதான் கொடுமை. ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. கறிக்கடைக்காரர் சொன்னார், "அல்லா அறிய, ரங்கூன் பணத்துக்கு ஓதுன சர்க்கரையை நானே தின்னிருக்கேன்." ஓதின மோதினாரும் ஆமாம் என்றார்.

அஜ்மல் பீவி கூண்டில் நின்றபோது எதிர்க்கட்சி வக்கீல் துருவினார்.

"சர்க்கரை வாங்கியது யார்?"

"நான்தான்."

"எந்தப் பணத்துக்கு ஓதியது என்று தெருவில் சொன்னாய்?"

"ரங்கூன் பணத்துக்குன்னு."

"இப்போது உன் கூலியில் வாங்கினேன் என்கிறாய். அப்படியானால் தெருவில் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா?"

"தெருவுல சொன்னது பொய்யி."

"யாருக்காக அந்தப் பொய்?"

கேள்வியை மூன்று தரம் கேட்டார். முன்சீப், சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார். வழக்கு அங்கேயே கவிழ்ந்தது. அவள் கூலி வாங்கியதற்கு முகைதீன் பிச்சையைச் சாட்சியாகக் கூப்பிடலாம்தான். கட்டிக்கப் போகிறவன் சாட்சி எடுபடுமா? இனி ஆயுசுக்கும் அவள் சேக் இஸ்மாயிலுக்குத்தான் பெண்டாட்டி என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடைசிச் சாட்சி மரியம் பீவி. மகன்தான் தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கூண்டில் ஏற்றினான். போன வருஷத்துக்கு இப்போது பாதி உடம்புதான் இருந்தது.

"உங்கள் மகன் பணம் அனுப்பினாரா?" என்று அவர்கள் வக்கீல் கேட்டார்.

"அனுப்புனான்."

"அதில்தான் மருமகளுக்குச் சோறு போட்டீர்களா?"

கிழவி மகனைப் பார்த்தாள். "ஆமா."

அவர் உட்கார்ந்தார். இப்போது எங்கள் முறை. எங்கள் வக்கீல் எழுந்தார். இரண்டே கேள்வியில் அந்தக் கிழவியைக் கிழித்துவிடலாம். முதலாளி பேர் என்ன, பணம் கொண்டுவந்த ஆள் யார்? எனக்கே நாக்கு துருதுருத்தது. அவர் அஜ்மல் பீவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டவாலிச் சேவகன், "இறங்குங்கம்மா" என்றான். கிழவி இறங்கவில்லை.

"ஏன் கேக்க மாட்டேங்குறாரு?"

"இறங்குங்கம்மா, முடிஞ்சுபோச்சு."

"அவ கேக்க வேணாம்னு சொல்லிட்டாளா?" என்றாள் மரியம் பீவி. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருப்பா. அவ சொல்லியிருப்பா. யா அல்லா, இங்க வந்தும் எம்மானத்தையே காப்பாத்துறாளே!"

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லணும்? சொல்லுங்க."

"எம்மவன் ஒரு சல்லி அனுப்பல, ஐயா. முதலாளியும் இல்ல, ஒருத்தனும் இல்ல. இவ தச்சா, நான் தின்னேன். நான் இவளுக்குச் சோறு போட்டேன்னு இப்ப சொன்னேன்ல, அந்த வாய் அழுகணும். இவதான் எனக்குப் போட்டா."

"சற்று முன்னால் அனுப்பினான் என்றீர்களே?"

"தெருவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சுங்க. இவளும் சர்க்கரை வாங்கிவந்து வச்சா. வாங்காதடின்னு ஒருநா நான் சொல்லல. சொன்னா அது பொய்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. அந்தச் சர்க்கரைய நானும் எம்மவன் பணம்னே நெனச்சுத் தின்னேன், ஐயா."

சேக் இஸ்மாயில், "அம்மா!" என்று கத்தினான். கிழவி அவன் பக்கம் திரும்பவில்லை. முன்சீப் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதி முடிக்கிறவரை நிற்க வேண்டும் என்பதுபோல.

பத்து நாளில் தீர்ப்பு. இந்தத் தரம் ஆறு மாதக் கெடு இல்லை. விவாகம் ரத்து, அன்றே செல்லும்.

வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றோம். சேக் இஸ்மாயில் தாயைப் பார்த்து, "இப்பக் குளுந்துச்சா ஒனக்கு? பெத்த மகனைத் தெருவுல நிறுத்திட்டேல்ல, அவகூடவே போயிரு" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு நடந்தான்.

அஜ்மல் பீவி ஓடிப்போய்க் கிழவியின் கையைப் பிடித்தாள். "வாங்க மாமி, எங்கூட வந்துருங்க. அவருகிட்டயும் பேசிட்டேன். வயித்துப்பாட்டை நான் பாத்துக்கிறேன்." அவர் என்று அவள் சொன்னது முகைதீன் பிச்சையை. அவரும் கொஞ்சம் தள்ளி நின்று, ஆமாம் என்று தலையாட்டினார்.

மரியம் பீவி அவள் முகத்தைத் தடவினாள்.

"இன்னையோட நான் ஒனக்கு மாமி இல்ல, அஜ்மலு. காயிதத்துலயே எழுதிட்டாங்க. நீ புது வீட்டுக்குப் போறவ, பழைய வீட்டுச் சட்டியை இடுப்புல வச்சுக்கிட்டா போவே? ஒனக்கு ஆளு இருக்கு. அவனுக்கு யாரு இருக்கா?"

"அவரு ஒங்களை வீட்டுக்குள்ள விட மாட்டாரு, மாமி."

"விடலன்னா வாசல்ல கிடக்கேன். பெத்தவ."

கையை விடுவித்துக்கொண்டு மகன் பின்னால் போனாள். அவன் நொண்டி நொண்டித்தான் நடந்தான். எட்டிப் பிடித்துவிடலாம். பிடிக்காமல், நாலு எட்டுப் பின்னாலேயே போனாள். அவன் நின்றபோது அவளும் நின்றாள். திரும்பாமல் அவன் மறுபடி நடக்க, அவளும் நடந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்ல, அண்ணே?" என்றாள் அஜ்மல் பீவி.

"ஜெயிச்சுட்டோம், தாயி."

கூண்டில் துருவியபோது அழாதவள், டிக்ரி ரத்தானபோது அழாதவள், அந்த வேப்பமரத்தடி மண்ணில் உட்கார்ந்து, "மாமி, மாமி" என்று வாய்விட்டு அழுதாள். முகைதீன் பிச்சை பக்கத்தில் போகட்டுமா என்று என்னைக் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவரும் அங்கேயே நின்றுகொண்டார்.